மண் சுமந்தவரும் மனிதர் ஆனவரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஆரப்பாளையத்துக்காரன். புட்டுத்தோப்பு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆவணியில் சுவாமி மண் சுமக்க வருகிற நாளில் சின்ன வயதிலிருந்தே அங்கே போய் நிற்கிறவன். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எழுதிய கட்டுரையில், தச்சர் வீட்டுப் பிள்ளையாகக் கடவுள் வந்தார் என்பதுதான் உங்கள் சமயத்தின் உயிர் என்று சொல்லியிருந்தீர்கள். இதில் என்ன புதுமை? எங்கள் சொக்கநாதர் இதே வைகைக் கரையில் கூலியாளாக வந்து, கூடை தூக்கி, பிரம்படியும் வாங்கியிருக்கிறார். பெருமாள் பத்து அவதாரம் எடுத்திருக்கிறார். நீங்கள் மட்டும் ஒரே ஒரு தடவை, அதுவும் எங்கோ பாலஸ்தீனத்தில் என்று பிடிவாதம் பிடிப்பது ஏன்? அப்புறம், அவர் பசித்தார், அழுதார், 'எனக்குத் தெரியாது' என்றார் என்று உங்கள் வேதமே சொல்கிறது. அவரை எப்படி முழுக் கடவுள் என்கிறீர்கள்? இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். கடவுளே மனிதர் ஆனார் என்கிறவர்களின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் எதற்கு?

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி உங்கள் கோயிலுக்கு வந்து பார்க்க ஆசை. எங்களை உள்ளே விடுவீர்களா?

ஒரு வாசகர், ஆரப்பாளையம்

*

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. கல்லறைக் கேள்வியைக் கேட்டதற்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வந்தியின் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு என்னால் உங்களுக்குப் பதில் எழுத முடியாது. மதுரைப் பக்கம் வளர்ந்த கிறிஸ்தவனுக்கும் அது சொந்தக் கதைதான். வைகை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கிற கிழவி வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. ஒரு இளைஞன் வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கொடுத்தால் போதும் என்கிறான். தின்கிறான், ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. அரசன் பிரம்பை ஓங்கி அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகில் விழுகிறது, அரசி முதுகில் விழுகிறது, ஊரில் உள்ள அத்தனை பேர் முதுகிலும் விழுகிறது. மாணிக்கவாசகர் இதைப் பாடும்போது 'புண்சுமந்த பொன்மேனி' என்கிறார். கடவுளின் உடம்பில் புண் என்று சொல்ல அவர் கூசவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவைக்கு முன்னால் நின்று நான் அந்த இரண்டு சொல்லையும் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன்.

ஆக, கடவுள் இறங்கி வந்தார், அடி வாங்கினார் என்பதோடு எங்கள் செய்தி முடிந்துவிட்டால் நீங்கள் கேட்பது நியாயம். மதுரைக்காரர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் அடி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வைகைக் கரையில் ஒருவர் மேல் விழுந்த அடி எல்லோர் மேலும் போய்ச் சேர்கிறது. எல்லா உயிருக்குள்ளும் இருப்பவர் இவர்தான் என்று அரசனுக்கு அப்படித்தான் புரிகிறது. எருசலேமில் எல்லோருக்கும் சேர வேண்டிய அடி ஒருவர் மேல் வந்து சேர்கிறது. அவருடைய காயங்களால் நாம் குணமானோம் என்ற, பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எசாயாவின் வரியை முதல் கிறிஸ்தவர்கள் பிடித்துக்கொண்டது அதனால்தான். பாண்டியனுக்கு வலித்தது, கண் திறந்தது. இங்கே அடித்தவர்களுக்கு வலிக்கவே இல்லை. ஆணி அறைந்த படைவீரர்கள் அடுத்த வேலையாக அவருடைய துணியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடப்பது. சுவாமி ஒரு கூடை மண்ணைக் கொட்டுகிறார், உடைப்பு அடைபடுகிறது, அவர் மறைந்துவிடுகிறார். கூலியாள் வடிவம் அத்தோடு சரி. சைவம் இதில் தெளிவாக இருக்கிறது. பிறப்பு வினையால் வருவது, வினை இல்லாத இறைவன் கருவில் பிறப்பதில்லை. சிவனைச் சிலப்பதிகாரம் 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்று சொல்கிறது. வைணவத்தில் ராமனும் கண்ணனும் தாய் வயிற்றிலிருந்துதான் வருகிறார்கள். ராமன் மனைவியைத் தேடிக் காட்டில் அழுகிறான். கண்ணன் வேடன் அம்பு பட்டு உலகை விட்டுப் போகிறான். இருந்தாலும் ராமானுஜர் வழி வந்த ஆசாரியர்கள், அந்தத் திருமேனி நம்முடையதைப் போன்ற உடம்பு இல்லை, சுத்த சத்துவம் என்ற, மாசு கலக்காத தெய்வீகப் பொருளால் ஆனது என்பார்கள். காரியம் முடிந்ததும் பெருமாள் தன்னடிச் சோதிக்கு, அதாவது தம் பரமபதத்துக்கே, எழுந்தருளிவிடுகிறார். இரண்டு மரபும் ஆழமாக யோசித்துத்தான் இதைச் சொல்கின்றன. கடவுளின் பெருமை குறையக் கூடாது என்ற அக்கறை இரண்டிலும் இருக்கிறது.

நாங்கள் நம்புவது, மரியா என்ற பெண்ணிடமிருந்து அவர் எடுத்தது இதே எலும்பும் தோலும்தான், எடுத்ததை அவர் திரும்பக் கழற்றவில்லை என்று. செத்தார், உயிர்த்தார், விண்ணுக்கு ஏறினார். மனிதராகவே ஏறினார். இன்றைக்கும் மனிதராகவே இருக்கிறார்.

கருமாத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஒரு உபதேசியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மறைக்கல்வி நடத்துவார். ஒருநாள், "சேசுநாதர் மோட்சத்துக்குப் போயிட்டாரு. இப்ப அவருக்குக் கை இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் கத்தினோம். மோட்சத்தில் கை எதற்கு? "இருக்குடா. தழும்போட இருக்கு" என்றார். 451-இல் கல்செதோன் சங்கத்தில் ஆயர்கள் கூடி வரையறுத்ததும் இதுதான். இயேசு கிறிஸ்து ஒரே ஆள். அவரிடம் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலந்து குழம்பாமல், மாறிப்போகாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன. இந்த நாலில் உபதேசியார் பிடித்துக்கொண்டது கடைசியை.

இடைக்காட்டூர் போயிருக்கிறீர்களா? மானாமதுரைக்குப் போகிற வழியில் இருக்கிறது, 1894-இல் கட்டின திருஇருதய ஆலயம். இடைக்காடர் என்ற சித்தரின் ஊர் என்றும் சொல்வார்கள், அதற்காகவே நீங்கள் ஒருமுறை போகலாம். அங்கே மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது ஒரு மனித இதயத்தின் முன்னால். அன்புக்கு ஒரு சின்னம் வேண்டும் என்பதற்காக வைத்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் மார்பில் நிஜமாகவே ஒரு மனித இதயம் இருக்கிறது என்று நம்புவதால்தான் அதை வணங்குகிறோம்.

'ஒரே தடவை' என்று நாங்கள் அடம்பிடிப்பதும் இதிலிருந்து வருவதுதான். எடுத்த மனிதத்தை விட்டிருந்தால் இன்னொரு யுகத்தில் இன்னொன்றை எடுக்கலாம். அவர் விடவில்லை. மறுபடி வருவார் என்று நாங்களும் எதிர்பார்க்கிறோம், ஆனால் வரப்போகிறவர் அதே நாசரேத்துக்காரர், அதே தழும்புகளோடு. பாலஸ்தீனம் ஏன் என்றால், உண்மையான மனிதருக்கு ஒரு ஊரும் ஒரு தாயும் ஒரு தாய்மொழியும் இருந்தாக வேண்டும். அவருக்குக் கலிலேயாவும் மரியாவும் அரமேயமும் வாய்த்தன.

சரி, பசி, அழுகை, 'தெரியாது'. இதில்தான் எங்கள் திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறது. அவர் கடவுளா என்ற சண்டை எல்லோருக்கும் தெரியும். 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, மகன் கடவுளால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுசின் கருத்தைத் தள்ளி, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள். அவர் மனிதர்தானா என்ற சண்டை அதைவிடப் பழையது, அதைவிட நீண்டது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அவர் உடம்பு வெறும் தோற்றம், பட்ட பாடும் தோற்றம் என்று சிலர் சொல்லித் திரிந்தார்கள். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரை விலங்குகளுக்கு இரையாக்க ரோமுக்குச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போகிறார்கள். வழியில் அவர் எழுதிய கடிதத்தில் கேட்கிறார்: இயேசு பட்டது தோற்றம் என்றால், நான் ஏன் சங்கிலியில் கிடக்கிறேன்?

அப்புறம், உடம்பு சரி, ஆனால் உள்ளே மனித மனம் இல்லை, அந்த இடத்தில் கடவுளே இருந்தார் என்று அப்போலினார் என்ற ஆயர் சொன்னார். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. நசியான்சு கிரகோரியார் என்ற இன்னொரு ஆயர் அதை மறுத்தபோது சொன்னதன் சாரம்: அவர் எதை எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. மனித மனதை அவர் எடுக்கவில்லை என்றால் என் மனம் அப்படியே நோயாகத்தான் கிடக்கும்.

இந்த வரிசையில் மாக்சிமுஸ் என்ற துறவியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் கிழக்கு ரோமப் பேரரசு உள்ளுக்குள் பிளந்து கிடந்தது. இயேசுவுக்கு ஒரே சித்தம், இறைச்சித்தம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் எல்லோரையும் சமாதானப்படுத்தலாம் என்று அரண்மனை நினைத்தது. மாக்சிமுஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் இயேசு நடுங்கினாரே, என் விருப்பப்படி வேண்டாம், உம் விருப்பப்படி ஆகட்டும் என்றாரே, அவருக்கென்று ஒரு மனித விருப்பம் இல்லாவிட்டால் அது வெறும் நடிப்பா என்று கேட்டார். 662-இல் எண்பது வயது தாண்டிய அந்த மனிதரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி, இன்றைய ஜார்ஜியாப் பக்கம் நாடு கடத்தினார்கள். அதே வருஷம் அங்கேயே இறந்துபோனார். 680-இல் தொடங்கிய கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கம் அவர் சொன்னதையே சரி என்றது. கடவுளுக்கு மனித பயம் இருந்தது என்று சொல்வதற்காக ஒருவர் நாக்கைக் கொடுத்திருக்கிறார். நான் அவரை நினைக்காமல் கெத்சமனிப் பகுதியை வாசிப்பதில்லை.

நீங்கள் சொல்கிற 'தெரியாது' மாற்கு நற்செய்தியில் வருவது. உலகம் முடிகிற நாள் எது என்று தந்தைக்குத் தவிர யாருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது என்கிறார் இயேசு. கடவுளாக அவருக்குத் தெரியும், மனிதராகத் தெரியாது என்று சில திருச்சபைத் தந்தையர் விளக்கினார்கள். தெரிந்தும் சொல்லவில்லை என்றார் அகுஸ்தினார். அகுஸ்தினார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் நான் அவரோடு இல்லை. தெரியாது என்று இயேசு சொன்னால் அவருடைய மனித மனதுக்குத் தெரியவில்லை. சின்னப் பையனாக ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்காவும் சொல்கிறார். எல்லாம் தெரிந்தவன் வளர முடியாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிறவரிடம் போய் உட்காரும்போது, நாளை என்ன என்று தெரியாமல் இருப்பதன் பாரத்தை உள்ளிருந்தே அறிந்த கடவுளைப் பற்றித்தான் எனக்குப் பேச வருகிறது.

இப்போது கல்லறை.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். அவருக்கு முன்பே இங்கே பரதவர்களுக்காக ஒரு கோயிலும், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவும் இருந்தார்கள். மேல்சாதியார் தம்மிடம் வர வேண்டும் என்பதற்காக நொபிலி அந்தப் பரதவர்களிடமிருந்தும் அந்தக் குருவிடமிருந்தும் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் உரைநடைக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பட்ட கடன் பெரியது. அந்த ஒதுங்கலுக்கும் நாங்கள்தான் வாரிசுகள். கடவுள் அடிமையின் வடிவை எடுத்தார் என்று திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை ஓதிக்கொண்டே, தலித் கிறிஸ்தவர்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட சுவர்கள் இருக்கின்றன. இதைச் சமூகப் பழக்கம், மெல்ல மாறும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் இதை விசுவாச மறுப்பு என்கிறேன். அவர் எடுத்தது மனித உடம்பு. மனித உடம்பில் இரண்டு வகை கிடையாது. புதைக்கிற உடம்பு உயிர்த்தெழும் என்று நம்பித்தானே அங்கே கொண்டுபோய் வைக்கிறோம்? சுவர் உள்ள ஒவ்வொரு கோயிலின் கல்லறையிலும் அதை இடித்தாக வேண்டும். அறிக்கை மட்டும் போதாது. நீங்கள் வெளியிலிருந்து கேட்டதை நாங்கள் உள்ளிருந்து இன்னும் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குத் தாராளமாக வாருங்கள், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிழக்கு வெளி வீதி மரியன்னை பேராலயத்தில் நள்ளிரவுப் பூசைக்கு யாரையும் தடுப்பதில்லை. கூட்டம் நிறைய இருக்கும், உட்கார இடம் வேண்டும் என்றால் முன்னாடியே வந்துவிடுங்கள். பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் மட்டும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கானது, அந்த வரிசையில் நிற்க வேண்டாம். பிரசங்கம் முடிந்து எல்லோரும் சேர்ந்து விசுவாச அறிக்கை சொல்வோம். மற்ற ஞாயிறுகளில் 'மனிதர் ஆனார்' என்று வருகிற இடத்தில் தலை வணங்குவதோடு சரி. கிறிஸ்து பிறப்பு அன்று முழங்காலிட வேண்டும். நீங்கள் சும்மா நின்றுகொண்டிருக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பூசை முடிந்ததும் குடில் பக்கம் வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.