மெஷினும் மூளையும் எப்படி கத்துக்குது? மருத்துவ ஆராய்ச்சி பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். எக்ஸ்ரே, சிடி, பயாப்ஸி ஸ்லைடு மாதிரி படங்களைப் பாக்க கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்குற வேலைல பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன், அதுக்கு முன்னாடி எலி மூளைய வச்சு ஞாபகசக்தி பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஒரே வேண்டுகோள், உங்க ரிப்போர்ட்டை அனுப்பி என்னன்னு பாருங்கன்னு கேக்காதீங்க, நான் டாக்டர் இல்ல. மத்தபடி என்ன வேணா கேளுங்க.

கவிதா: அக்கா, மெஷின் லேர்னிங்னு சொல்றாங்களே, அது நிஜமாவே கத்துக்குதா இல்ல சும்மா பேருக்குத்தானா?

பதில்: புறாவுல இருந்து ஆரம்பிக்கிறேன் கவிதா, சிரிக்காதீங்க. 2015ல அமெரிக்காவுல ஒரு குழு புறாக்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஸ்லைடு, அதாவது மைக்ரோஸ்கோப்ல பாக்குற சதைத் துண்டோட படம், பாக்கப் பழக்கினாங்க. டச் ஸ்க்ரீன்ல ஸ்லைடு படம் வரும், பக்கத்துல நீலம் ஒண்ணு மஞ்சள் ஒண்ணுன்னு ரெண்டு பட்டன், புற்றுநோய்னா ஒண்ணைக் கொத்தணும் இல்லன்னா இன்னொண்ணை, சரியா கொத்தினா தீனி விழும், அவ்வளவுதான் பாடம். ஆரம்பத்துல காசு சுண்டிப் போட்ட மாதிரி பாதிக்குப் பாதி, ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம் சரி. முன்னப்பின்ன பாக்காத ஸ்லைடைக் காட்டினாலும் தடுமாறல. நாலு புறாவோட பதிலைச் சேத்துப் பாத்தா 99. செல்லுன்னா என்ன நியூக்ளியஸ்னா என்னன்னு யாரும் அதுங்களுக்கு கிளாஸ் எடுக்கல!

அப்புறம் மேமோகிராம்ல, அதான் மார்பக எக்ஸ்ரேல, தெரியுற கட்டிகளைக் காட்டி நல்லதா கெட்டதான்னு கேட்டாங்க. பழகின படத்துல எல்லாம் டக்கு டக்குன்னு சரியா கொத்துச்சு, புதுப் படம் வந்ததும் மறுபடி காசு சுண்டுற கதைதான். அதாவது மனப்பாடம் பண்ணிருக்கு. எங்க வேலைல இதை ஓவர்ஃபிட்டிங்னு சொல்வோம், பரிட்சைக்கு முன்னாடி கைடைப் பாத்து உருப்போட்ட மாதிரி.

மெஷினும் இதேதான் பண்ணுது, படத்தைக் காட்டு, பதில் தப்புன்னா உள்ள இருக்குற எண்களை ஒரு துளி திருகு, மறுபடி காட்டு, இப்படி லட்சக்கணக்கான தடவை. அதனால கத்துக்குதான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வேன். எதைக் கத்துக்குச்சுன்னு கேட்டாதான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

செந்தில்: எதைக் கத்துக்குச்சுன்னு தெரியாதா? நீங்கதானே கத்துக்குடுக்குறீங்க?

பதில்: நாங்க படத்தையும் பதிலையும் குடுக்குறோம் செந்தில், நடுவுல எந்த வழில போகணும்னு சொல்றதில்ல, அது எது சுலபமோ அதைப் பிடிச்சுக்கும்.

எங்க லேப்ல நடந்ததைச் சொல்றேன். நியூமோதோராக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நுரையீரலுக்கு வெளிய நெஞ்சுக்குள்ள காத்து புகுந்து நுரையீரல் சுருங்கிடும். எக்ஸ்ரேயில அதைக் கண்டுபிடிக்க ஒரு மாடல், அதாவது இப்படி கத்துக்குடுத்த ஒரு ப்ரோகிராம், பண்ணினோம், மார்க் அள்ளுச்சு, எல்லாருக்கும் ஒரே குஷி. எனக்கு ஏதோ உறுத்த, மாடல் படத்துல எந்த இடத்தைப் பாத்து முடிவு பண்ணுதுன்னு கலர் போட்டுக் காட்டுற ஹீட்மேப் ஓட்டிப் பாத்தேன். நியாயமா நுரையீரலோட ஓரத்துல, அந்த மெல்லிசான வெள்ளைக் கோட்டுல சிவப்பு எரியணும். எரிஞ்சது எங்க தெரியுமா, விலா எலும்புக்கு நடுவுல போற ஒரு ட்யூப் மேல. காத்தை வெளிய எடுக்க டாக்டர் வச்ச செஸ்ட் ட்யூப்! அதாவது வியாதியைக் கண்டுபிடிச்சு வைத்தியமும் ஆரம்பிச்ச ஆளைப் பாத்து "இவருக்கு வியாதி இருக்கு"ன்னு கண்டுபிடிச்சிருக்கு. ட்யூப் இல்லாத படங்களை மட்டும் தனியா எடுத்து டெஸ்ட் வச்சோம், மார்க் தரைக்கு வந்துருச்சு. இத்தனைக்கும் ட்யூப் வைக்காத ஆளைத்தானே முதல்ல கண்டுபிடிக்கணும்.

இது எங்க லேப்போட மட்டும் தலையெழுத்து இல்ல. 2018ல வந்த ஒரு ஆய்வுல நிமோனியா கண்டுபிடிக்கிற மாடலை சோதிச்சாங்க. ஒரு ஆஸ்பத்திரியோட படங்கள்ல 34 சதவீதம் பேருக்கு நிமோனியா, இன்னொரு இடத்துப் படங்கள்ல 1 சதவீதம் சொச்சம்தான். படம் எந்த ஆஸ்பத்திரில எடுத்ததுன்னு மாடலால கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு சொல்ல முடிஞ்சுது, அது தெரிஞ்சா போதுமே, நுரையீரலைப் பாக்காமலே பாதிக் கணக்கு முடிஞ்சுது. வெளில வேற ஆஸ்பத்திரி படத்தைக் குடுத்தா பல மாடல் சறுக்குறது இதனாலதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, அப்படின்னா எக்ஸ்ரே பாக்குற டாக்டர்களுக்கு வேலை போயிடும்ங்கிறது வதந்தியா?

பதில்: ஐயா, 2016ல ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹிண்டன், பின்னாடி 2024ல இயற்பியல் நோபல் வாங்கினாரே அவரேதான், ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்சி குடுக்குறதை இப்பவே நிறுத்திடலாம், அஞ்சு வருஷத்துல மெஷின் மிஞ்சிடும்னு சொன்னாரு. அஞ்சு தாண்டியாச்சு, ரேடியாலஜிஸ்ட் பத்தலன்னுதான் இன்னைக்கும் பல நாட்டுல புலம்பல்.

அதுக்காக மெஷின் உதவாதுன்னு இல்லீங்க. ஸ்வீடன்ல 80,000 பெண்களுக்கு மேல சேத்து மேமோகிராம் ஸ்கிரீனிங்ல ஒரு ட்ரையல் நடத்தினாங்க, மாசாய்னு பேரு. வழக்கமா ஒவ்வொரு படத்தையும் ரெண்டு டாக்டர் பாக்கணும். இதுல பாதிப் பேருக்கு ஏஐ முதல்ல பிரிச்சுக் குடுத்துச்சு, ரிஸ்க் கம்மின்னா ஒரு டாக்டர் பாத்தா போதும், அதிகம்னா ரெண்டு பேர். 2023ல வந்த ரிசல்ட்படி ஆயிரம் பேருக்கு 6 பேர்கிட்ட புற்றுநோய் கண்டுபிடிச்சாங்க, பழைய முறைல 5, படம் படிக்கிற வேலைச்சுமை 44 சதவீதம் குறைஞ்சுது. எனக்குப் பிடிச்ச ஆய்வு இது, ஏன்னா பழைய படங்களை கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டு பீத்திக்கல, நிஜ ஆளுங்களைக் குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு பாத்திருக்காங்க.

ராகவ்: மேடம் நான் பிஜி பண்றேன். எங்க டிபார்ட்மெண்ட்ல ஏஐ வந்தாச்சு. நான் கத்துக்குற வயசுல அது பதிலைச் சொல்லிட்டே இருந்தா நான் எப்ப கத்துக்குறது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இன்னைக்கு உக்காந்தேன்னு வச்சுக்கோங்க ராகவ்.

2025 ஆகஸ்ட்ல போலந்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா ட்யூப் விட்டுக் குடலைப் பாக்குறது, பண்ணும்போது குடல்ல சின்னச் சின்ன கட்டி, அடினோமா, இருந்தா ஏஐ ஸ்க்ரீன்ல கட்டம் போட்டுக் காட்டும். அப்படி ஏஐ வந்ததுக்கு அப்புறம், ஏஐ இல்லாம பண்ணின கேஸ்களை மட்டும் தனியா எடுத்துப் பாத்திருக்காங்க. ஏஐ வர்றதுக்கு முன்னாடி 28 சதவீதம் கேஸ்ல அடினோமா கண்டுபிடிச்சவங்க, வந்தப்புறம் ஏஐ துணை இல்லாதப்ப 22 சதவீதம்தான். இவங்க புதுசா சேந்த பசங்க இல்ல, ஒவ்வொருத்தரும் 2,000 கேஸுக்கு மேல பாத்தவங்க! குலுக்கல் போட்டுப் பண்ணின ஆய்வு இல்ல, வேற காரணமும் கலந்திருக்கலாம், அதனால இதை வச்சு முடிவு கட்டிடாதீங்க. ஆனா எனக்கு ஆச்சரியம் வரல. கட்டம் வரும் வரும்னு காத்திருக்குற கண்ணு தானா தேடுறதை நிறுத்திடும்.

நான் பழகின ஜூனியர்களுக்குச் சொல்றது இதுதான், முதல்ல நீங்க படிங்க, உங்க ஃபைண்டிங்கை எழுதி வைங்க, மனசுல நினைச்சா பத்தாது பேனா எடுத்து எழுதணும், எவ்வளவு உறுதியா இருக்கீங்கன்னும் எழுதணும், அப்புறம் ஏஐயைத் திறங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா அந்த கேஸ்தான் உங்களுக்கு அன்னைக்குப் பாடம். புறாவுக்கும் அப்படித்தான், கொத்தினப்புறம்தான் தீனி விழுந்துச்சு.

இன்னொண்ணு, மனுஷக் கண்ணை ரொம்ப உசத்தியாவும் நினைக்காதீங்க. 2013ல நுரையீரல் சிடி படத்துக்குள்ள ஒரு கொரில்லா படத்தை ஒளிச்சு வச்சு 24 ரேடியாலஜிஸ்ட்கிட்ட கட்டி தேடச் சொன்னாங்க. தேடுற கட்டியை விட 48 மடங்கு பெரிய கொரில்லா. 24ல 20 பேர் பாக்கவே இல்ல, அதுல பல பேரோட கண்ணு நேரா அது மேலயே போயிட்டு வந்திருக்கு.

மஞ்சு: அனாடமி எவ்வளவு படிச்சாலும் மறக்குது. நான் விஷுவல் லேர்னர், படம் பாத்தாதான் ஏறும்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: விஷுவல் லேர்னர் ஆடிட்டரி லேர்னர்ங்கிறதை மறந்துடும்மா. ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி கத்துக்குடுத்தா நல்லா ஏறும்ங்கிறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லன்னு 2008லயே விலாவாரியா அலசிட்டாங்க. அனாடமிக்குப் படம் எல்லாருக்குமே வேணும், அது வேற.

மறக்குறதுக்கு மருந்து, புக்கை மூடு. 2006ல ஒரு சோதனை, ஒரு கூட்டம் பாடத்தை ரெண்டு தடவை படிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவை படிச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்க முன்னாடி, அவங்க 81 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு கேட்டா தலைகீழ், எழுதிப் பாத்தவங்க 56, திரும்பப் படிச்சவங்க 42. திரும்பத் திரும்பப் படிக்கும்போது தெரிஞ்ச மாதிரியே இருக்கும், அந்த நினைப்புதான் ஏமாத்துது. கையோட நரம்புகளை வெள்ளைப் பேப்பர்ல ஞாபகத்துல இருந்து வரைஞ்சு பாருங்க, தப்பு வரட்டும், மூணு நாள் கழிச்சு மறுபடி.

அருண்: டோபமைன் டீடாக்ஸ் பண்ணினா மூளை ரீசெட் ஆகுமா?

பதில்: ஆகாது. டோபமைன் அழுக்கா என்ன, கழுவி ஊத்த? அது மூளைல நியூரான்கள் (நரம்பு செல்கள்) சேதி அனுப்புற ஒரு ரசாயனம். ஆனா டோபமைன் கதை சுவாரஸ்யமானது தம்பி. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ்னு ஒரு மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளை வச்சுப் பாத்தாரு. எதிர்பாராம ஜூஸ் குடுத்தா டோபமைன் நியூரான் படபடன்னு சுடுது, அதாவது மின் துடிப்பு அனுப்புது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட் எரியும்னு பழகிட்டா, லைட்டுக்கு சுடுது, ஜூஸ் வரும்போது கம்முனு இருக்கு. லைட் எரிஞ்சு ஜூஸ் வரலன்னா, ஜூஸ் வரவேண்டிய அந்த நொடில சுடுறது வழக்கத்தை விட குறையுது. அதாவது அது சந்தோஷத்தை அளக்கல, எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்குது. 1997ல இதைக் கணக்காப் போட்டுப் பாத்தப்ப, கம்ப்யூட்டர்காரங்க மெஷினுக்குன்னு தனியா எழுதி வச்சிருந்த டெம்பொரல் டிஃபரன்ஸ்ங்கிற கணக்கோட அப்படியே பொருந்துச்சு. நான் எலி ஆராய்ச்சில இருந்து இந்தப் பக்கம் தாவினதுக்கு அந்த ஒரு கட்டுரைதான் காரணம்.

ஜோசப்: புதுசா ஒண்ணு கத்துக்குடுத்தா மாடல் பழசை மறந்துடுதாமே? நமக்கு ஏன் அப்படி ஆகல?

பதில்: ஆமா, பேரே கேடாஸ்ட்ரோஃபிக் ஃபர்கெட்டிங்தான், பேரழிவு மறதின்னு சொல்லலாம், 1989லயே எழுதிட்டாங்க. நிமோனியா தெரிஞ்ச மாடலுக்கு எலும்பு முறிவு மட்டும் கத்துக்குடுத்தா நிமோனியா போயே போச்சு, அதே எண்களைத்தானே மறுபடி திருகுறோம்.

நமக்கு ரெண்டு சிஸ்டம் இருக்குன்னு நினைக்கிறாங்க, மூளைக்குள்ள இருக்குற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி சீக்கிரம் பிடிச்சுக்கும், மூளையோட வெளி அடுக்கான கார்டெக்ஸ் மெதுவா வாங்கிக்கும், நடுவுல தூக்கம். 1994ல எலி ஓடின பாதையோட நியூரான்கள் அது தூங்கும்போது மறுபடி சேந்து சுடுறதைப் பாத்தாங்க. மாடலுக்கும் பழைய படங்களை நடுநடுவுல கலந்து காட்டினா மறதி குறையுது. ஹிப்போகேம்பஸ் போயிட்டா என்ன ஆகும்னு கேட்டா, ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், 1953ல வலிப்புக்காக பண்ணின ஆபரேஷன்ல அந்தப் பகுதி போயிடுச்சு. கண்ணாடில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையச் சொன்னாங்க, மூணு நாள்ல கை அழகா பழகிடுச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை.

பிரியா: உடம்புக்கு என்னன்னு சாட்பாட்கிட்ட கேக்கலாமா?

பதில்: 2024ல 50 டாக்டர்கள்கிட்ட கேஸைக் குடுத்து என்ன வியாதின்னு கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு ட்ரையல். ஜிபிடி-4ங்கிற சாட்பாட்டைக் கையில வச்சிருந்தவங்க நூத்துக்கு 76 மார்க், இல்லாதவங்க 74, பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஜிபிடி-4 தனியா 92 சொச்சம்! அதைக் கேட்டு துள்ளிக் குதிக்காதீங்க, அதுல குடுத்த கேஸ் எல்லாம் ஏற்கனவே டாக்டர் ஒருத்தர் விசாரிச்சு, தொட்டுப் பாத்து, டெஸ்ட் எடுத்து அழகா எழுதி வச்சது. நம்ம "ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு"ன்னு ஆரம்பிப்போம். கேள்விகளைத் தயார் பண்ணிக்க கேளுங்க, மருந்து மாத்திரையை முடிவு பண்ண வேண்டாம்.

செந்தில்: மறுபடியும் நான்தான். புரதத்தோட வடிவத்தைக் கணிக்கிற ஏஐ, ஆல்ஃபாஃபோல்ட், அதுவும் குறுக்கு வழிதானா?

பதில்: நல்ல இடத்துல குத்துறீங்க. இல்ல, அது நிஜமாவே ஜெயிச்சுது, 2020 போட்டில, இன்னும் வெளியிடாத புரத வடிவங்களைக் கணிக்கச் சொல்லி சோதிச்சது, காப்பியடிக்க வழியே இல்ல. 2022க்குள்ள 20 கோடிக்கு மேல புரதங்களுக்கு வடிவம் போட்டுக் குடுத்துச்சு, 2024ல அதை உருவாக்கின ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும், புதுப் புரதங்களை வடிவமைச்ச டேவிட் பேக்கரோட சேத்து வேதியியல் நோபல். ஆனா அது படிச்ச பாடப்புத்தகம் 1971ல ஆரம்பிச்ச புரோட்டீன் டேட்டா பேங்க்ங்கிற புரத வடிவங்களோட சேமிப்பு, அதுல பெரும்பாலான வடிவத்துக்கு யாரோ மாசக்கணக்கா கிரிஸ்டல் வளத்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்திருக்காங்க. பதில் சுத்தமா இருந்துச்சு, அதான் பாடமும் சுத்தமா ஏறுச்சு. நம்ம ஆஸ்பத்திரி டேட்டாவுக்கு அந்தக் குடுப்பினை கிடையாது.

கவிதா: அக்கா கடைசியா ஒண்ணு, அந்தப் புறாக்களை எங்கயாவது வேலைக்கு எடுத்தாங்களா?

பதில்: ஆஸ்பத்திரிக்கு யாரும் கூப்பிடல கவிதா. ஆனா அந்தக் குழுவே ஒரு வேலை சொல்லிருந்தாங்க, படத்தை எவ்வளவு கம்ப்ரஸ் பண்ணலாம், கலர் மாறினா என்ன ஆகும்னு டெஸ்ட் பண்ண மணிக்கணக்கா ஒரே மாதிரி படத்தைப் பாத்துட்டே இருக்கணும், டாக்டருக்கு அது போர், புறாவுக்கு தீனி கிடைச்சா சரி. எங்க லேப்ல அந்த வேலையை இப்ப நான்தான் பாக்குறேன்.