முதல் மாதிரி உடையட்டும், டீச்சர்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு முதல் புராஜெக்ட் வழியாகப் பாடம் நடத்த வேண்டும், டிசைனும் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் பள்ளியில் முடிவெடுத்துவிட்டார்கள். போன பருவத்தில் முயன்று பார்த்தேன். வந்ததில் பாதி எரிமலை, மீதி சூரியக் குடும்பம். பெற்றோர் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது. வகுப்பிலேயே செய்யச் சொன்னால் குரூப்பில் ஒரு பிள்ளை உழைக்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதற்கிடையில் பாடமும் பின்தங்கிவிட்டது. எதை வைத்து மார்க் போடுவது என்றும் புரியவில்லை. பேசாமல் பழையபடியே நடத்திவிடலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பழையபடி நடத்துவதில் ஒரு தவறும் இல்லை. நன்றாக நடத்திய பாடத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், நீங்கள் இன்னும் புராஜெக்ட்டைத் தொடங்கவே இல்லை என்று தோன்றுகிறது. பாடம் முடிந்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாடல் வேலையைத்தான் செய்து பார்த்திருக்கிறீர்கள்.

வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1918-லேயே புராஜெக்ட் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பிள்ளை முழு மனதோடு, தெளிவான நோக்கம் வைத்துச் செய்யும் வேலையைத்தான் அவர் அப்படி அழைத்தார். எரிமலை மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது யாருக்குத் தேவை? மார்க் போடும் உங்களுக்கு மட்டும்தான். வேறு நோக்கமே இல்லாத ஒரு வேலையை அப்பாவோ அம்மாவோ முடித்துக் கொடுத்தால், அதில் தனக்கு ஏதோ போய்விட்டதாக எந்தப் பிள்ளையும் நினைக்காது. பெற்றோர்மீது கோபப்பட்டுப் பயனில்லை.

ஆகவே முதலில் ஒரு ஆளைத் தேடுங்கள். பொருளைச் செய்து முடித்தால் நாளைக்கே எடுத்துப் பயன்படுத்தப்போகிற, கண்ணெதிரே இருக்கிற ஒருவர். "உலகின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்ப்போம்" போன்ற தலைப்பெல்லாம் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் அதற்கு ஒரு போஸ்டர்தான் எழுத முடியும். அது வேலை செய்ததா இல்லையா என்று யாராலும் சோதிக்கவும் முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் போதும். உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்களைப் பெரியவர்களாக மதிக்க வேண்டும் என்ற ஆசை நிறைய. சின்னக் குழந்தைக்கு ஒன்று செய்துகொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், அந்த ஆசை முழுக்க வேலையில் இறங்கும்.

ஒன்றாம் வகுப்பில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் தவிக்கும் குழந்தைகள் எப்போதும் இருப்பார்கள். அதையே புராஜெக்டாக எடுங்கள். முதல் பீரியடில் உங்கள் பிள்ளைகள் அங்கே போய் வெறுமனே பார்க்க வேண்டும். நோட்டும் பென்சிலும் மட்டும் கையில். உதவி செய்யக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. எந்தக் கையால் பிடிக்கிறார்கள், பாட்டிலை எங்கே இடுக்கிக்கொள்கிறார்கள், எப்போது பல்லால் கடிக்கிறார்கள், யாரிடம் கொண்டுபோய் நீட்டுகிறார்கள் என்று எழுதட்டும். கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும். "உனக்கு ஒரு கருவி செஞ்சு கொடுத்தா பிடிக்குமா?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் பிடிக்கும் என்றுதான் சொல்லும். "நேத்து தாகம் எடுத்தப்ப என்ன பண்ணினே? செஞ்சு காட்டு" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் ஒரு முறை நடித்தே காட்டிவிடுங்கள். டிசைனில் பாதி இதுதான் என்பேன்.

இப்படிக் கவனமாகப் பார்த்தால் பிரச்சினையே உருமாறும். மூடியைத் திறக்க ஒரு கைப்பிடி செய்ய வேண்டும் என்று முக்கால்வாசி குரூப் முடிவு செய்யும். சரி, செய்யட்டும். ஆனால் யாரோ ஒரு பிள்ளை, காலையில் வீட்டுப் பெரியவர்கள் பாட்டிலை அளவுக்கு மீறி முறுக்கி அனுப்புகிறார்கள், அதனால்தான் திறக்க வரவில்லை என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் குரூப் செய்யும் பொருள் மூடியில் ஒரு கோடு, பாட்டிலில் ஒரு கோடு, "இரண்டும் சேர்ந்ததும் நிறுத்தவும்" என்று வீட்டுக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். கண்காட்சி மேசையில் வைக்க எதுவும் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அந்த வகுப்பின் மிகச் சிறந்த டிசைன் அதுவாக இருக்கலாம்.

எல்லோரும் ஒரே மாதிரி செய்துகொண்டு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இணையம் ஒரு காரணம். நாம் முன்கூட்டியே காட்டும் மாதிரியும் ஒரு காரணம்தான். ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பொறியியல் படிப்பவர்களிடம், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமையுங்கள் என்றார்கள்; உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். அந்தப் படத்தில் உறிஞ்சுகுழல் இருந்தது. கூடாது என்று எழுதியிருந்தும், படத்தைப் பார்த்தவர்கள் குழல் வைத்தே வரையும் போக்கு அதிகமாக இருந்தது. கல்லூரி மாணவர்களுக்கே இப்படி என்றால் உங்கள் பிள்ளைகள் எம்மாத்திரம்? போன வருடத்து மாடலைக் காட்டாதீர்கள். குரூப்பாக உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், பத்து நிமிஷம் படம் வரையட்டும். ஒருவர் மூன்று யோசனையாவது வரைய வேண்டும். முதல் யோசனை பெரும்பாலும் எங்கோ பார்த்ததாக இருக்கும், மூன்றாவதற்குத்தான் மண்டையைக் கசக்க வேண்டிவரும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதுவே மருந்து. கையில் சொந்தப் படம் இருக்கும் பிள்ளைக்குக் குரூப்பில் பேச ஒன்று இருக்கும். குரூப்புக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அளப்பது, வெட்டுவது, நோட்டில் எழுதுவது என்ற வேலைகளைப் பீரியடுக்குப் பீரியட் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை கடைசிவரை எழுதிக்கொண்டே இருக்கும்.

பொருட்களைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. அட்டை, நூல், ரப்பர் பேண்ட், டேப், பழைய செய்தித்தாள் போதும். பெயின்ட்டையும் கலர் பேப்பரையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அலங்காரம் செய்துவிட்ட பொருளை எந்தப் பிள்ளையும் வெட்ட விடாது. முதல் மாதிரி, பிய்த்துப் போட மனம் வருகிற அளவுக்கு அசிங்கமாக இருக்க வேண்டும். வேலை முழுவதும் வகுப்பிலேயே நடக்கட்டும்; ஒவ்வொரு குரூப்பின் பொருளும் ஒரு பெட்டியில் பள்ளியிலேயே இருக்கட்டும். பெற்றோர் பிரச்சினை அத்தோடு முடியும்.

அப்புறம், மூடியில் மாட்டித் திருக அட்டையில் செய்த வளையத்தை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையில் கொடுப்பார்கள். குழந்தை அதைத் தலைகீழாக மாட்டும். அட்டை மூடியைப் பற்றாமல் தனியாகச் சுற்றும். ஈரக் கை பட்டு நைந்துபோகும். செய்த பிள்ளை, "இல்ல பாப்பா, இப்படிப் பிடிக்கணும்" என்று ஓடிவரும். அந்த இடத்தில் நீங்கள் தடுக்க வேண்டும். விளக்கம் சொன்னால்தான் வேலை செய்யும் என்றால் குறை பொருளில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பார், பார்த்ததை எழுது என்று சொல்லுங்கள். இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

பல பள்ளிகளில் புராஜெக்ட் இங்கேதான் முடிந்துவிடுகிறது. முதல் மாதிரியைச் செய்யவே எல்லா நாளும் போய்விடும், மறுநாள் கண்காட்சி. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. ஒன்பது பீரியட் ஒதுக்கினால், நான்காவது பீரியட் முடிவதற்குள் முதல் சோதனை நடந்துவிட வேண்டும். மிச்சம் ஐந்தும் திருத்துவதற்கு. வளையத்தின் உள்பக்கம் ரப்பர் பேண்ட் சுற்றினால் பிடிக்கும் என்று அவர்களாகவே தடவித் தடவிக் கண்டுபிடிக்கட்டும். கைப்பிடியை நீட்டினால் ஏன் எளிதாகத் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு வரட்டும். பாடம் அப்போதுதான் உள்ளே வர வேண்டும்.

பாடம் பின்தங்கும் கவலைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. உராய்வு, நெம்புகோல், வட்டத்தின் சுற்றளவு, சராசரி, இடைநிலை எல்லாம் இந்த ஒரு மூடிக்குள் இருக்கின்றன. அவற்றுக்கான பீரியடுகளையே புராஜெக்ட்டுக்கு எடுங்கள். கணக்கு ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எதுவும் சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அடிப்படை தெரியாத மாணவர்களை வழிகாட்டாமல் விட்டால் கற்றல் சரியாக நடக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. புராஜெக்ட் முறையை ஆதரிக்கும் எனக்கும் அந்த எச்சரிக்கை சரி என்றே படுகிறது. தேவை எழுந்த அன்று கரும்பலகையில் பதினைந்து நிமிஷம் உராய்வை நேரடியாக நடத்துங்கள். கத்தரிக்கோலையும் கட்டரையும் எப்படிப் பிடிப்பது என்பதையும் வேலை தொடங்கும் முன்பே செய்து காட்டிவிடுங்கள்.

கணக்கில் ஒரு சுவாரசியமான இடம் வரும். குழந்தைகளின் கையை அளந்து சராசரி எடுத்து, அந்த அளவுக்குக் கைப்பிடி செய்வார்கள். அது பலருக்குப் பொருந்தாது. அன்றைக்கு கில்பர்ட் டேனியல்ஸ் கதையைச் சொல்லுங்கள். 1950 வாக்கில் அமெரிக்க விமானப்படையில் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை அவர் ஆராய்ந்தார். 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. நகர்த்தி அமைத்துக்கொள்ளும் இருக்கைகளுக்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் நம் கைப்பிடி யாருடைய கைக்கு? எல்லாரிலும் சின்னக் கைக்கா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒருவர் வேலையை இன்னொருவர் விமர்சிக்கும்போது "சூப்பர்", "நல்லா இல்ல" இரண்டையும் தடை செய்யுங்கள். ரான் பெர்கர் என்ற ஆசிரியர் மூன்று நிபந்தனை வைப்பார்: சொல்வது அன்பாக இருக்க வேண்டும், குறிப்பிட்டதாக இருக்க வேண்டும், உதவுவதாக இருக்க வேண்டும். "வளையம் ஈரமானதும் வழுக்கிச்சு, உள்ளே சொரசொரப்பா ஏதாவது ஒட்டிப் பாரேன்" என்பது போல.

மார்க் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். பொருள் குரூப்புக்குப் பொது, மார்க் தனித்தனி. அழகுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. நோட்டில் தேதி போட்டு எழுதியதைப் பாருங்கள்: முதல் மாதிரியில் என்ன நடந்தது, எதை மாற்றினாய், ஏன்? பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு நிமிஷம், பொருளில் ஏதாவது ஒரு பகுதியைத் தொட்டுக் காட்டி, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். உழைத்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். வேடிக்கை பார்த்த பிள்ளைக்கு அங்கே பதில் வராது. கடைசி மாதிரி வேலை செய்யாவிட்டாலும், ஏன் செய்யவில்லை என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு முழு மார்க் போடத் தயங்காதீர்கள். உராய்வு பற்றிய தேர்வை வழக்கம்போலத் தனியாக வையுங்கள்.

நிர்வாகம் கண்காட்சி கேட்கும். வையுங்கள், ஆனால் ஒவ்வொரு மேசையிலும் நைந்துபோன முதல் மாதிரியும் திருத்தியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளையும் அவரவர் பாட்டிலோடு அழையுங்கள்.

ஒரே பருவத்தில் எல்லாப் பிரிவுகளுக்கும் தொடங்கிவிடாதீர்கள். ஒரு பிரிவு, ஒரு புராஜெக்ட், மூன்று வாரம். அந்த வாரங்களில் எந்தெந்தப் பாடம் வருகிறது என்று இப்போதே எழுதிவைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஆளைத் தேடுங்கள். பாட்டில் மூடி உங்கள் பாடத்துக்குப் பொருந்தாவிட்டால் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், வேறு ஒன்று யோசிப்போம்.