5 வாட்டில் போட்டிக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது 5 வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) செட்டும், ஒரு டைபோல் என்ற எளிய கம்பி ஆண்டெனாவும்தான். வார இறுதியில் முடிந்தவரை பல நிலையங்களைத் தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் சிக்யூ உலகப் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. 100 வாட் இல்லாமல் யார் காதிலும் விழாது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அழைப்புக்குறியோடு (என் நிலையத்தின் அடையாள எழுத்துகளோடு) 'கியூஆர்பி', அதாவது குறைந்த சக்தி, என்று சேர்த்துச் சொன்னால் இரக்கப்பட்டாவது பதில் தருவார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரக்கத்தை நம்பி இறங்காதீர்கள். இரைச்சலுக்குள் உங்கள் குறியைப் பொறுக்கியெடுக்கப் பாடுபடுகிறவருக்கு அந்த மூன்றெழுத்து கூடுதல் தொல்லை. 5 வாட் பிரிவு என்பதைப் போட்டிக்குப் பிறகு அனுப்பும் லாகில் (தொடர்புகளின் பதிவேட்டில்) குறிப்பிட்டால் போதும்.

100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபல். சிக்னல் பலத்தை அளக்கும் ஒரு எஸ் புள்ளி 6 டெசிபல் என்பதால், 100 வாட்காரர் எஸ் 9 என்றால் நீங்கள் ஏறக்குறைய எஸ் 7, அவ்வளவுதான். மோர்ஸ் தெரியுமா? தெரிந்தால் அதிலேயே இறங்குங்கள், குரலைவிட மிகக் குறுகிய அலைவரிசை அகலத்தில் அடங்குவதால் அதே 5 வாட் இன்னும் தூரம் எடுபடும்.

ஆனால் உங்கள் உண்மையான ஆயுதம் நேரம். சனிக்கிழமை தொடக்கத்தில் பெரிய நிலையங்களைச் சுற்றி ஒரே கூட்டம், அங்கே போய் முட்டிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் வீண். ஞாயிறு மதியத்துக்கு மேல் பாருங்கள், பலமாகக் கேட்கும் எல்லோரையும் பிடித்து முடித்துவிட்ட அதே நிலையம் பதில் வராமல் சிக்யூ சிக்யூ ('யாராவது வாருங்கள்') என்று கூவிக்கொண்டிருக்கும், முந்தின நாள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் இப்போது ஒரு புள்ளிக்காக மூன்று முறை திரும்பக் கேட்டு உங்கள் குறியை எழுதிக்கொள்வார். அதனால் நீங்கள் சிக்யூ போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், பேண்டை (அந்த அதிர்வெண் பகுதியை) மேலும் கீழும் தடவித் தேடிப் பிடியுங்கள். சில அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், அவருடைய ஆண்டெனா வேறு திசை பார்த்திருக்கலாம், அப்புறம் வரலாம். மோர்ஸ் கூட்டத்தில் எல்லோரும் ஒரே புள்ளியில் குவிவார்கள், ஒரு 50 ஹெர்ட்ஸ் தள்ளி அழைத்தால் உங்கள் சுருதி தனியாகக் கேட்கும்.

10 மீட்டர் பேண்ட் திறந்திருந்தால், அதாவது அதில் தூரத்து நிலையங்கள் கேட்டால், அங்கேயே கிடங்கள், இரைச்சல் குறைவு. 80 மீட்டர் பேண்ட் இரவில் 5 வாட்டுக்குப் பெரும்பாடு, என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் தூங்குவது மேல். நண்பர்கள் ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொன்னால் காசை டைபோலை உயர்த்தச் செலவழியுங்கள், 20 மீட்டர் பேண்டுக்குத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரம் கிடைத்தால் நல்லது.

பத்தே தொடர்பு கிடைத்தாலும் லாகை அனுப்பிவிடுங்கள், மற்றவர்களின் லாகுகளைச் சரிபார்க்க அதுவும் வேண்டும்.