பந்தயத் தடத்தில் சொந்தக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்ற ஆண்டு, ஒருவர் ஓட்டிய போர்ஷே 718 கேமன் கார் ஒன்றை வாங்கினேன். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். காரின் உயரம் குறையும்படி சஸ்பென்ஷனை இறக்க வேண்டும், பந்தய டயர் மாட்ட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதற்காக மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது?
– வாசகர், சென்னை

பதில்: சஸ்பென்ஷனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே அந்தக் காரால் முடிகிற வேகத்தை நெருங்க உங்களுக்குச் சில டிராக் டேக்களாவது தேவைப்படும். அதற்கு முன்பே காரை மாற்றிவிட்டால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைந்தாலும் கூடினாலும் அது உங்களால் நேர்ந்ததா, மாற்றிய உதிரிபாகத்தால் நேர்ந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும்.

முதல் செலவு பிரேக்குக்கு. 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 70 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது அது இழக்கும் ஆற்றலின் பெரும்பகுதி சக்கரங்களோடு சுழலும் நான்கு பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு 30 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இது ஒரே ஒரு வளைவுக்கான கணக்கு. இருங்காட்டுக்கோட்டைத் தடமோ ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. ஆகவே பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடுகளில் பாதிக்கு மேல் கனம் இருக்கிறதா என்று பாருங்கள், டிஸ்க்குகளின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துத் தேடுங்கள். அதிக வெப்பம் தாங்கும் பேடுகளை வாங்கலாம். ஆனால் அவற்றில் பல குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காமல் சத்தமும் போடும் என்பதால், அதே காரில் அன்றாடம் அலுவலகம் போகிறவர் அதை யோசித்து வாங்க வேண்டும்.

அடுத்தது டயர் காற்று. இதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ காரைத் தடத்துக்குத் தயார் செய்வதில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை என்றே தோன்றுகிறது. டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால், நான்கைந்து சுற்றுகளில் டயரின் வெப்பம் காலையில் இருந்ததைவிட 50 டிகிரி கூடும்போது அளவு 40-ஐத் தொட்டிருக்கும். அந்த நிலையில் டயரின் நடுப்பகுதி மட்டும் புடைத்துத் தரையைத் தொடுவதால் பிடிப்பு குறைந்து, கார் ஐஸ்கட்டியின் மேல் நிற்பதுபோல் வழுக்கத் தொடங்கும். எனவே பார்க்க வேண்டியது சூடான டயரின் அளவை. சொந்தமாக ஒரு நல்ல காற்றுமானி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பிட்டுக்குள் (தடத்தோரம் கார்கள் வந்து நிற்கும் இடம்) வந்தவுடனே நான்கு டயர்களையும் அளந்து நோட்டில் எழுதி, உங்கள் டயர் நிறுவனம் சூடான நிலைக்குச் சொல்லும் அளவுக்குக் காற்றை இறக்குங்கள். வலஞ்சுழியாக ஓடும் தடங்களில் இடப்பக்க டயர்கள் அதிகச் சுமையை ஏற்று அதிகம் சூடாகும் என்பதால் நான்கிலும் ஒரே அளவு காட்டாது, அதில் வியப்பில்லை. பக்கச்சுவர் எவ்வளவு தூரம் மடங்கித் தரையில் உரசுகிறது என்பதை அறிய, டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில், சாக்பீஸால் ஒரு குறுக்குக்கோடு இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கி உரசியிருக்கிறது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறவாமல் மீண்டும் காற்றை ஏற்றிவிடுங்கள்; சூட்டில் இறக்கிய டயர் ஆறியதும் 24, 25 என்று விழுந்துவிடும், அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து.

இவை முடிந்து மிஞ்சும் பணத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சொல்லித்தரும் அனுபவசாலி ஒருவருக்கான கட்டணத்தையும், இரண்டாவது டிராக் டேக்கான கட்டணத்தையும் எடுத்து வையுங்கள். முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே வருவதைக் கண்ட பிறகு, நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) கூட்டுவது பற்றிப் பேசலாம்.

கேள்வி: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஐந்தாவது சுற்றின்போது பிரேக் பெடல் திடீரென்று தளர்ந்து, கிட்டத்தட்டத் தரைவரை போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு சரியாகிவிட்டது. மெக்கானிக் சோதித்துவிட்டு எந்தக் குறையும் இல்லை என்கிறார். மீண்டும் ஓட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரேக் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகையால் உங்கள் காலின் விசை முழுவதும் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் உள்ளே போகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பணிமனையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த நேரத்தில் குறை அங்கே இல்லை.

பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்காமல் போனால் அது வேறு கோளாறு. அங்கே அளவு மீறிச் சூடானவை பேடுகள். இரண்டில் எது நேர்ந்தது என்பதைக் கால்தான் சொல்லும் என்பதால், நேர்ந்த உடனே எழுதி வைப்பது நல்லது.

முழு ஆயிலையும் வடித்துவிட்டு, புதிய சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் வகை, அதை வாங்க வேண்டாம், டாட் 5.1 உங்கள் காருக்குப் பொருந்தும். கடைசிச் சுற்றைப் பிரேக்கை இயன்றவரை தொடாமல் மெதுவாக ஓட்டி, டிஸ்க்குகளைக் காற்றில் ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்திய பின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நான் ஓட்டத் தொடங்கிய நாட்களில் இதை அறியாமல், வந்த சூட்டோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பேடுகளின் பூச்சு ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கார் நடுங்கியது. இறுதியில் டிஸ்க்குகளையே மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: வேகமான வளைவு ஒன்றின் நடுவே, வேகம் அதிகமாகிவிட்டதோ என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அந்த நொடியே காரின் பின்பக்கம் சுழன்று, எதிர்த் திசை பார்த்து நின்றேன். வேகத்தைக் குறைத்ததற்கு ஏன் இந்தத் தண்டனை? என் காரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது.
– வாசகர், பெங்களூரு

பதில்: கார் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். ஒவ்வொரு டயரின் பிடிப்பும் அதன் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. சட்டென்று காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர்கள் கூடுதலாகப் பற்றி மூக்கை உள்ளே இழுக்க, எடை குறைந்த பின் டயர்கள் பக்கவாட்டு விசையைத் தாங்க முடியாமல் விட்டுவிடுகின்றன. எஞ்சின் இருக்கைக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே இருக்கும் நடு எஞ்சின் காரில் பாரம் மையத்தை ஒட்டியே இருப்பதால் அது திரும்பும்போதும் விரைவாகத் திரும்பும், சுழலும்போதும் விரைவாகச் சுழலும். வளைவுகளில் அந்தக் காரை அவ்வளவு இனிமையாக ஆக்குவதும் இதே இயல்புதான்.

தவறு நடந்த இடம் வளைவின் நடு அல்ல, அதற்கு நூறு மீட்டர் முன்பு. வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும் நேர்கோட்டிலேயே, முதலில் உறுதியாக அழுத்திப் பிறகு படிப்படியாகத் தளர்த்தி முடித்துவிட வேண்டும். தொடக்கத்தில், தேவை என்று தோன்றுவதைவிடச் சற்று மெதுவாகவே உள்ளே நுழையுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாத அளவுக்கு ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்திருந்தால், எடை முன்னும் பின்னும் நிலையாக நிற்கும். வளைவின் உள் ஓரத்தை வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகத் தொடுங்கள். அப்போது வெளியேறும் பாதை விரிந்து கிடக்கும், ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்கக் காலை அழுத்திக்கொண்டே போகலாம். நேர்ப்பாதைக்குள் வரும் வேகம்தான் அதன் கடைசிவரை கூட வருகிறது. நுழைவில் துணிச்சல் காட்டிச் சேர்க்கும் நேரம் பெரும்பாலும் வெளியேறும்போது தொலைந்துவிடும். கண்களைக் காரின் மூக்கில் வைக்காமல் வெளியேறும் இடத்தில் வையுங்கள், கைகள் தாமாகவே அங்கே கொண்டுபோய்விடும்.

இவ்வளவு கவனித்தும் வேகம் மிகுந்துவிட்டது என்று தெரிந்தால், காலைப் பறித்தெடுக்காமல் மெல்லத் தளர்த்துங்கள். சில நேரங்களில் ஸ்டீயரிங்கை நேராக்கி, தடத்தை விட்டு மண்ணில் நேராக இறங்குவதே பாதுகாப்பு; மண்ணில் இறங்கியபின் தடத்துக்குள் வெடுக்கென்று திருப்புவதுதான் பல கார்களைக் கவிழ்த்திருக்கிறது. சுழன்றேவிட்டால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து அழுத்தி, நின்றபின் கொடி காட்டும் பணியாளரைப் பாருங்கள். மின்னணு நிலைப்படுத்தியை அணைத்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அணைத்திருந்தால், இன்னும் சில டிராக் டேக்களுக்கு அதை அணைக்காமல் ஓட்டுங்கள். பின் டயர்களின் காற்றையும், பின் சக்கரங்களின் டோ அளவையும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சோதியுங்கள். பின்பக்கத்தில் டோ-இன், அதாவது சக்கரங்களின் முன்முனை உட்பக்கம் திரும்பியிருப்பது, சிறிதும் இல்லாமல் போயிருந்தால் எந்தக் காரும் இப்படித்தான் பதற்றப்படும்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண ஹேட்ச்பேக். அதோடு வந்தால் பயன் உண்டா? விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக வாருங்கள். 2005-இல் ஃபார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் முதன்முதலாக ஓட்டினார். அந்த நரேன் கார்த்திகேயன் தொடங்கியது பந்தய வீரர் கரிவர்தன் வடிவமைத்த எளிய ஃபார்முலா மாருதி காரில்தான். சக்தி குறைந்த காரில் ஒரு வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் ஈடுகட்டாது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும்.

காப்பீட்டில் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வழக்கமாக விலக்கியே எழுதப்படுகின்றன. டிராக் டேயையும் அந்த வரம்புக்குள்ளேயே கொண்டுவருவார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, காருக்குச் சேதம் வந்தால் கைப்பணத்தில் தாங்க முடியுமா என்று வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ ஆகியவற்றோடு வாருங்கள். இழுவைக் கொக்கியை முன்னதாகவே மாட்டிவிட்டு, கால்மிதியையும் இருக்கைக்கடியில் உருளும் தண்ணீர்ப் புட்டியையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் புட்டி ஒன்று சிக்கிக்கொண்டால் நான் மேலே எழுதிய எதுவும் உதவாது.