கால் எலும்பு வலியும் நின்றுபோன மாதவிலக்கும்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) இரண்டு முறை தேசியப் போட்டிக்குப் போனவள். மூன்று வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்கிறார் கோச். எடை கூடிவிடும் என்று ராத்திரி சாப்பிடுவதில்லை. இடித்த வீட்டுத் தேக்கு உத்தரத்தைத் தடையாக வைத்துப் பயிற்சி செய்கிறாள். அடுத்த மாதம் தேர்வுப் போட்டி. ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா?
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: ஊசி வேண்டாம், அம்மா. இந்தத் தேர்வுப் போட்டியும் வேண்டாம்.

அவளை உட்காரவைத்து, வலிக்கும் எலும்பை ஒற்றை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். காசளவு ஓர் இடத்தில் தொட்டதும் 'ஆ' என்று காலை இழுத்துக்கொண்டால், நுண்விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பு உறையின் வலி, அவ்வளவு பயமில்லை. விரிசல் முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் ஏமாற்றும். எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கான தடை 76.2 செ.மீ. உயரம், ஹர்டில்ஸ் மாதிரி இடித்தால் சாயாது. ஒரு ஓட்டத்தில் 28 சாதாரணத் தடை, அதுபோக 7 தண்ணீர்த் தடை. தண்ணீர்த் தடையில் பலரும் கட்டைமேல் ஒரு காலை வைத்து உந்தி, மறு காலில் குழிக்குள் இறங்குவார்கள். ஏழு தடவையும் பெரும்பாலும் அதே கால்தான் அடி வாங்கும். உங்கள் மகளுக்கு அது இடது காலா என்று கேளுங்கள். தேக்கு உத்தரம் நல்ல யோசனைதான், பர்மா தேக்கு எதற்கும் அசையாது. இறங்குகிற இடம்தான் இடிக்கிறது: கோடையில் நம் செம்மண் பொட்டலும் சிமெண்ட் தரையும் ஒன்று. அங்கே ஒரு வண்டி மணல் கொட்டச் சொல்லுங்கள்.

தரையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ராத்திரிப் பட்டினி. ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தியில்தான் உடம்பு மற்ற வேலையைப் பார்க்கிறது. மிச்சம் குறைந்தால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும், மாதவிலக்கு நிற்கும். கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும், எலும்பு கட்டுவது தடைப்படும். எலும்பு உரமேறுகிற வயதில் இது நடக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே வைத்தது. மூன்று மாதம் வராவிட்டாலே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கோச்சிடம் இதைச் சொல்லுங்கள், கோபமில்லாமல்.

மகளிர் மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார். முகம் சுளிக்காதீர்கள், எல்லோருக்கும் அதுதான் முறை. அப்புறம் ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி பார்ப்பார். வெறுமனே மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைப்பதில் எலும்புக்கு லாபமில்லை.

விரிசல் உறுதியானால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. நடந்தாலே வலித்தால் ஊன்றுகோல். டாக்டர் சம்மதித்தால் வலிக்காத அளவுக்கு சைக்கிளும் நீச்சலும் உண்டு (ஊருணியில் வேண்டாம், ஊரார் விட மாட்டார்கள்). பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும். ராத்திரிச் சோறு கட்டாயம். பால், கேழ்வரகு, நெத்திலி சேருங்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் கும்மாயம் கிண்டச் சொல்லுங்கள்: உளுந்து, கருப்பட்டி, நெய், இவளுக்கு இப்போது வேண்டிய சக்தி அதில் இருக்கிறது. எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் கூடட்டும்.

ஊசி வலியை மறைக்கும். மறைந்த வலியோடு ஓடினால் விரிசல் முறிவாகும். ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைக்குள்ளும் வரும். எந்த டாக்டரிடம் போனாலும் தேசிய வீராங்கனை என்று முதலிலேயே சொல்லட்டும்.

ஒரு தேர்வுப் போட்டி போனால் போகட்டும். நம் நாட்டு வீராங்கனை சுதா சிங் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்டீபிள்சேஸ் தங்கம் வாங்கியபோது வயது 24. 2018 ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கியபோது 32. உங்கள் மகளுக்கு 19.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.