மனிதர்–கணினி ஊடாட்டம் என்றால் என்ன? ஆரம்பத்தில் எதை ஆராய்ந்தார்கள்?

நாம் சொல்வது கணினிக்கும், அது காட்டுவது நமக்கும் எங்கே சிக்கலாகிறது என்று பார்க்கும் ஆய்வுதான் இது.

முதலில் துளையட்டை காலம், அதாவது ஓட்டை போட்ட அட்டைகளால் கணினிக்குக் கட்டளை கொடுத்த காலம். கணினியின் நேரம்தான் விலை உயர்ந்தது, மனிதர் காத்திருக்கலாம். அப்புறம் திரை வந்தது. அதில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட எது வசதி என்ற கேள்வியும் வந்தது. 1960-களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழு மவுஸ், ஒளிப்பேனா (திரையில் நேரடியாக வைத்துச் சுட்டும் பேனா), ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி (ஆமாம், முழங்கால்தான்!) எல்லாவற்றையும் ஆட்களிடம் கொடுத்து, நேரத்தையும் தவறுகளையும் அளந்தது.

இதற்கு முன்பே, 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சொன்னது: இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் கைக்கு நேரம் கூடும். பாம்பன் கரையில் வலையிலிருந்து நண்டு எடுப்பவர்களைப் பாருங்கள். காலடியில் அகலக் கூடை இருந்தால், பேச்சை நிறுத்தாமலே நண்டைப் போடுவார்கள். நாலடி தள்ளிச் சின்ன டப்பாவை வையுங்கள், கை ஒரு கணம் நின்று குறிபார்க்கும். மவுஸுக்கும் இதே கணக்கு பொருந்துவதை 1978-இல் காட்டினார்கள். படகு ஜிபிஎஸ்ஸின் பொடிப் பொத்தானை, அலை ஆட்டத்தில் ஈரக்கையால் அழுத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மவுஸைக் கண்டுபிடித்தது ஆப்பிள் என்று பலர் நினைக்கிறார்கள். மவுஸோடு ஆப்பிளின் லிசா கணினி வந்தது 1983-இல். எங்கல்பார்ட் குழுவின் மரப்பெட்டி மவுஸ் 1964-லேயே தயார்.