கிளாஸ் மேல் அட்டையை வையுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. வயது 44. அக்டோபரில் செக் நாட்டின் பிர்னோ நகரில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிக்கு மூன்று பேர் போகிறோம். திரும்பும்போது பிராகில் இரண்டு இரவு தங்கல். வழிகாட்டி ஒருவர் நாலைந்து பார்களுக்கு அழைத்துப்போகும் இரவுச் சுற்றில் சேரலாம் என்கிறார் உடன் வருபவர். ‘முதல் இரண்டு மணி நேரம் அன்லிமிடெட்’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. நான் எப்போதாவது ஒரு பீர் குடிப்பவன், சுத்த சைவம். மூன்றாமவர் மதுவைத் தொடவே மாட்டார். சேரலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்: சேரலாம். ஆனால் உங்கள் நண்பர் காட்டிய அந்தச் சுற்றில் வேண்டாம்.

பிராகில் இந்த வியாபாரம் இரண்டு வகை. ஒன்று ‘பப் கிரால்’. இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்கும். முதல் பாரில் ‘அன்லிமிடெட்’, அடுத்த பாரில் வாசலிலேயே ஒரு ஷாட், கடைசியில் ஒரு டான்ஸ் கிளப். முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிட்டால் வழிகாட்டிக்கு மேய்க்கிற வேலைதான். இன்னொன்று பீர் சுற்று. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேரோடு கிளம்பி, மூன்று மணி நேரத்தில் மூன்று கடை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, என்ன பீர், ஏன் இப்படி ஊற்றுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு குடிக்கலாம்.

முதல் வகைக்கு இப்போது சட்டச் சிக்கலும் உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை வழிகாட்டி வைத்துக் கூட்டமாகக் கடை கடையாக அழைத்துப் போவதை பிராக் மாநகராட்சி 2024 அக்டோபரில் தடை செய்துவிட்டது. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் பல வருடம் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்ததன் விளைவு இது. (கல்யாண மண்டபத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த நியாயம் சட்டென்று புரியும்.) நீங்கள் மூவரும் பத்து மணிக்கு மேல் சொந்தமாக ஒரு கடைக்குப் போவதற்குத் தடையில்லை. ஆகவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் முடியும் நேரத்தைப் பாருங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிந்தால் நல்லது. ‘நள்ளிரவு வரை வழிகாட்டியுடன்’ என்று இன்னமும் போட்டிருந்தால், விதியை மதிக்காதவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்.

அடுத்து அந்த ‘அன்லிமிடெட்’. கணக்கு போட்டுப் பாருங்கள். பிராகின் சாதாரணக் கடையில் அரை லிட்டர் பீர் 60 முதல் 80 குரோனா. ஒரு குரோனா நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கட்டிய காசை வசூலிக்க வேண்டுமென்று இரண்டு மணி நேரத்தில் ஒருவர் நாலைந்து கிளாஸாவது இறக்கப் பார்ப்பார். பில்ஸ்னர் உர்குவெல்லில் 4.4 சதவீதம் ஆல்கஹால். அரை லிட்டரில் சுமார் 17 கிராம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ஒரு கிளாஸ் முழுதாக இறங்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு கிளாஸ் அடித்தால் இரண்டாவது பாருக்குள் நுழையும்போதே ஐம்பது கிராம் அளவுக்கு உடம்பில் நிற்கும். நம் ஊர் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் 8 சதவீதம் என்றால் அதிலேயே 41 கிராம் இருக்கிறதே, அதைத் தாங்குகிறேனே என்பார் உங்கள் நண்பர். அது ஒரு பாட்டிலோடு நிற்கும். கூடவே சைடிஷ் இருக்கும். அங்கே வெறும் வயிற்றில், நின்றுகொண்டே, அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வார்கள். பெரும்பாலும் சொதப்புவது இந்த முதல் மணி நேரத்தில்தான்.

பதிவு செய்யுமுன் நடத்துபவருக்கு ஒரு மெயில் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். கட்டணத்தில் எத்தனை கிளாஸ், ஒவ்வொன்றும் 0.3 லிட்டரா 0.5 லிட்டரா? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? மது குடிக்காதவருக்குக் கட்டணம் குறையுமா, அவருக்கு என்ன கொடுப்பீர்கள்? சாப்பாடு சேர்த்தியா, சைவம் உண்டா? நேரான பதில் வந்தால் பணம் கட்டலாம். கட்டணம் நியாயமா என்று பார்க்க, சேர்த்துக் கொடுக்கும் பீரைத் தலா 70 குரோனா என்று பெருக்கிக் கழியுங்கள். மீதிதான் வழிகாட்டியின் கூலி. மூன்று மணி நேரம் ஒரு ஊரையும் அதன் பீரையும் பற்றி ஒருவர் பேசுவதற்கு அந்தத் தொகை தகுமா என்று யோசியுங்கள். செக் நாட்டில் தொழில்முறைச் சுற்றுலா வழிகாட்டிகள் அடையாள அட்டை அணிய வேண்டும். சந்திக்கும் இடத்தில் கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை.

சந்திக்கும் இடம் வானியல் கடிகாரத்தடி என்றால் கொஞ்சம் உஷார். ஒவ்வொரு மணிக்கும் பொம்மைகள் நகர்வதைப் பார்க்கக் கூட்டம் கூடும்; அதில் ஆள் கண்டுபிடிப்பது கஷ்டம். பத்து நிமிடம் முன்பே போய், வழிகாட்டியின் தொலைபேசி எண்ணை மூன்று பேருமே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போனவர் திரும்பி வரும்போது குழு அடுத்த கடைக்கு நகர்ந்திருக்கும். ஆள் தொலைவது பெரும்பாலும் அப்படித்தான்.

இனி கடைக்குள். செக் பீர்க்கடைக்கு ‘ஹோஸ்போதா’ என்று பெயர். உள்ளே போனதும் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். மேஜையில் ரிசர்வ் அட்டை இருக்கும். இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு உட்காருவது வழக்கம். வழிகாட்டி இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். சர்வர் ஒரு சின்னக் காகிதத்தை மேஜையில் வைத்து, கிளாஸ் ஒன்றுக்கு ஒரு கோடு கிழிப்பார். அதுதான் பில். நனைக்காதீர்கள், கிறுக்காதீர்கள், தொலைத்துவிடாதீர்கள். பழைய பாணிக் கடைகளில் கிளாஸ் காலியாகும்போது கேட்காமலே அடுத்தது வரும், காகிதத்தில் கோடும் ஏறும். போதுமென்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸின் வாய்மேல் வைத்துவிடுங்கள். சர்வர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். ஒன்றோடு நிறுத்துகிற உங்களுக்கு அந்த நாட்டில் இதைவிட உபயோகமான பாடம் வேறில்லை.

கிளாஸ் வந்ததும் நம்மவர்கள் முகம் சுளிப்பது நுரையைப் பார்த்து. மூன்று விரல் உயரத்துக்கு நிற்கும். ஏமாற்றுகிறான் என்று தோன்றும். நுரையைக் குறை என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். பீரின் அளவுக்குக் கிளாஸில் கோடு போட்டிருக்கிறது. நுரை அதற்கு மேலே. நல்ல ஊற்றுக்காரர் கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, குழாயைப் பாதி திறந்து முதலில் நுரையை இறக்கி, பிறகு அதன் அடியில் பீரை விடுவார். அந்த ஈரமான நுரை மூடிபோல் நின்று பீரைக் காற்றுப் படாமல் காக்கும். டிகிரி காபிக்கு நுரை எப்படியோ அப்படி. ஒவ்வொரு மடக்குக்கும் கிளாஸின் உள்பக்கத்தில் வெள்ளை வளையம் ஒட்டிக்கொண்டே வந்தால் கிளாஸ் சுத்தமாகக் கழுவியது என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் வளையம் நிற்காது.

ஊற்றும் முறையிலேயே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கமாக ஊற்றுவது ‘ஹ்லாதிங்க்கா’. ‘ஷ்னிட்’ என்று கேட்டால் அதே பெரிய கிளாஸில் இரண்டு பங்கு பீர், மூன்று பங்கு நுரை, மேலே ஒரு பங்கு காலி. கையில் பெரிய கிளாஸ், வயிற்றுக்குள் போவது சின்ன அளவு. யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ‘ம்லீகோ’ என்றால் பால்; கிட்டத்தட்ட முழுக்க நுரை, இனிப்பாக இருக்கும், நுரை அடங்குமுன் ஒரே மூச்சில் குடிப்பது. இதற்கெல்லாம் பொறுமையில்லை என்றால் ‘மலே’ கேளுங்கள், 0.3 லிட்டர்.

பட்டியலில் 10, 11, 12 என்று டிகிரி போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆல்கஹால் சதவீதம் இல்லை அது. புளிக்கவைப்பதற்கு முன் மால்ட் சாற்றில் நூறு கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை முதலிய கரைபொருள் இருந்தது என்ற கணக்கு. 10 டிகிரி ஏறத்தாழ 4 சதவீதம், 12 டிகிரி ஏறத்தாழ 5. ‘தொட்டி பீர்’ என்று வழிகாட்டி காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள்: பாஸ்டரைஸ் செய்யாத பீர், தொட்டிக்குள் ஒரு பையில் இருக்கும், வெளியிலிருந்து காற்றை அழுத்திப் பையைப் பிழிவதால் பீர் காற்றையே பார்க்காது. ‘லோகால்’ என்ற பெயரில் இருக்கும் கடைகளில் இது நன்றாக இருக்கும். 1499 முதல் பீர் காய்ச்சும் ‘உ ஃப்ளேகூ’வுக்குப் போனால் 13 டிகிரி கறுப்பு பீர் கிடைக்கும். ஆனால் அங்கே தட்டில் சின்ன கிளாஸ்களை ஏந்தி ஒருவர் மேஜை மேஜையாக வருவார். அது பெகெரோவ்கா என்ற மூலிகை மது, ஆல்கஹால் 38 சதவீதம். இலவசம் என்று நினைத்து எடுத்தால் பில்லில் வரும். ‘நெ’ என்று சொன்னால் போதும். சர்க்கரைக் கட்டியைக் கொளுத்திக் காட்டும் அப்சிந்த் ஷாட்டுக்கும் அதே பதில்தான். 1990-களில் வந்த வேடிக்கை அது, சாராயம் என்னவோ 60, 70 சதவீதம்.

குடிக்காத நண்பரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ‘நெஆல்கோ’ என்றால் ஆல்கஹால் இல்லாத பீர் (சட்டப்படி 0.5 சதவீதம் வரை இருக்கலாம், அது அவருக்கு ஆட்சேபமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்). இல்லையென்றால் கோஃபோலா: 1960-ல் அந்த நாட்டில் உருவான மூலிகை வாசனைக் கோலா. பல கடைகளில் பீர்போலக் குழாயிலிருந்தே பிடித்துத் தருவார்கள். 2017 மே 31 முதல் கடைகளுக்குள் புகைபிடிக்கத் தடை, அதனால் அவர் புகையிலும் உட்கார வேண்டாம்.

சாப்பாடுதான் உங்களுக்குச் சங்கடம். சைவம் என்றதும் வருவது ‘ஸ்மஷெனீ ஸீர்’, மாவு, முட்டை, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ், கூட உருளைக்கிழங்கு. பல கடைகளில் இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். எண்ணெயில் வெங்காயம், மிளகாயோடு ஊறிய ‘நக்லாதனீ ஹெர்மெலீன்’ சீஸ் பொரிக்காதது. ஆனால் சீஸுக்காகப் பாலைத் திரியவைக்க விலங்கு நொதி சேர்த்திருக்கலாம். அதுவும் ஆகாது என்றால் இரண்டையும் விடுங்கள். உருளைக்கிழங்கு அடை, பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டி இரண்டும் பார்க்கச் சைவம்தான். ‘சாத்லோ’ என்ற பன்றிக் கொழுப்பில் பொரித்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஜாடியில் ஊறுகாய்போல் மிதக்கும் ‘உத்தோபெனெட்ஸ்’ பன்றிக்கறி சாசேஜ். பெயருக்கு அர்த்தம் ‘மூழ்கிச் செத்தவன்’. எப்படிப் பார்த்தாலும், ஐந்து மணிக்கு முன்பே ஒரு இந்திய உணவகத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். சோறும் பருப்பும் வயிற்றில் இருந்தால் பீர் ரத்தத்தில் மெல்ல ஏறும். இடையிடையே தண்ணீரும் கேளுங்கள். அதற்கும் காசு வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள்.

பில் கேட்க ‘ஸப்லதீமெ’. மேஜையில் சில்லறை விட்டுவிட்டு எழுந்து போகும் வழக்கம் அங்கே இல்லை. 274 என்று சர்வர் சொன்னால் ‘300’ என்று நீங்கள் சொல்லிக் கொடுப்பதுதான் டிப்ஸ். கார்டு மெஷின் ‘ரூபாயிலா, குரோனாவிலா’ என்று கேட்டால் குரோனா. ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தில் நஷ்டம். சில பழைய கடைகள் ரொக்கம் மட்டும்தான் வாங்கும். நோட்டு மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், 1000 யூரோ மதிப்பு வரை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்ய 2019 முதல் உரிமை உண்டு. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் பயணக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை புரட்டுங்கள். போதையில் நேர்ந்த விபத்துக்குப் பணம் கிடையாது என்ற விதி பெரும்பாலானவற்றில் இருக்கும். கருங்கல் பாவிய தெருவில், அக்டோபர் ஈரத்தில், வழுக்கி மணிக்கட்டு உடைந்தால் செலவு உங்கள் தலையில்தான். தோல் அடி வைத்த ஷூ வேண்டாம், ரப்பர் அடி போடுங்கள்.

மெட்ரோ நள்ளிரவு வரை; வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். அதற்குப் பிறகு தொண்ணூற்றுச் சொச்சம் எண் போட்ட இரவு டிராம்கள், எல்லாம் லாசர்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். காகித டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். சைக்கிள் எடுக்க வேண்டாம். வண்டி ஓட்டுபவரைப்போல் சைக்கிள்காரருக்கும் அங்கே ஆல்கஹால் கட்டுப்பாடு உண்டு. அவசரத்துக்கு எண் 112. தெருவைக் கடக்கும்போது வரிக்கோடு இருக்கிறதே என்று டிராம் முன்னால் கால் வைக்காதீர்கள். கார் நிற்கும், டிராம் நிற்காது. அந்த நாட்டுச் சட்டப்படி நடப்பவர்தான் டிராமுக்கு வழிவிட வேண்டும்.